முதலில் கூண்டு, பிறகு பறவை

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சந்தையிலிருந்து ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' வாங்கி வருகிறோம். அதோடு கிடைக்கும் சின்ன வட்டக் கூண்டையே வீடாக்கித் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறோம். சில மாதங்களில் ஒன்று செத்துப்போனால், 'நமக்கு ராசியில்லை' என்று கூண்டைப் பரணில் போட்டுவிடுகிறோம். பல வீடுகளில் குறை ராசியில் இல்லை, கூண்டில்தான் இருக்கிறது. தொழுவம் போட்டுவிட்டுத்தான் மாடு பிடிக்கப் போகிறோம். பறவைக்கும் அதே முறைதான்.

எந்தப் பறவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தென்னை மரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சுக்குப் பொருத்தமான கூண்டு என்று ஒன்று கிடையாது. பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிற அளவுக்குப் போகும். மக்காச்சோளக் கதிரைக் கொத்துகிறது என்ற கோபத்தைச் சட்டம் காரணமாக ஏற்காது.

வீட்டில் வளர்க்க ஏற்றவை, கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகிவந்த வெளிநாட்டு இனங்கள். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்க இனம். உடல் பருத்தது, அலகு பலமானது. வெளிநாட்டு இனங்களிலும் சிலவற்றை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி அளவு. பறவை பக்கவாட்டில் பறக்கிறது. ஆகவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒடுங்கி உயர்ந்த கூண்டும் வட்டக் கூண்டும் அழகுக்குத்தான். ஒரு ஜோடி பட்ஜரிகருக்குக் குறைந்தது 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். லவ் பேர்ட்ஸுக்கு நீளம் 3 அடியாக இருப்பது நல்லது. உடலை அசைக்கப் போதிய இடமில்லாத கூண்டில் உயிரை அடைப்பது கொடுமை என்று 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது.

வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணில் பறவையின் தலை சிக்கும். எலியும் குட்டிப் பாம்பும் நுழையும். மரச்சட்டம் என்றால் வலையை உட்புறமாக அடியுங்கள். இல்லாவிட்டால் சட்டத்தைக் கடித்தே தீர்த்துவிடும். புதிய ஜி.ஐ. வலையில் ஒட்டியிருக்கும் துத்தநாகத் துகள் பறவைக்கு விஷம். வினிகர் தொட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். உட்கார வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். விரல் கனமுள்ள வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி போதும். அரளி கூடவே கூடாது. தீவனம், தண்ணீர்க் கிண்ணங்களுக்கு நேர் மேலே குச்சி வைத்தால் எச்சம் அதில் விழும். முட்டையிட மண்கலயம் கட்டுவதானால் ஜோடிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள், சண்டை குறையும்.

கூண்டை எங்கே வைப்பது என்பதில்தான் நம் பள்ளத்தாக்கு மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியாக வரும் மேல்காற்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளையே சுழற்றுகிறது. ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத பறவை அந்தக் காற்றில் இரவெல்லாம் நின்றால் தாங்காது. மேற்குப் பக்கத்தைச் சுவராலோ பலகையாலோ அடைத்து, கிழக்கைத் திறந்துவிடுங்கள்; காலை வெயில் விழட்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அடுப்புப் புகை படும் இடம் ஆகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்து. கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடிக்கடி மருந்து தெளிக்கிறோம். காற்றோடு வரும் அந்தச் சாரல் நமக்குத் தலைவலி தந்தால், பறவைக்கு உயிரையே எடுக்கலாம். தெளிக்கும் நாளில் கூண்டை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வெளியிலிருந்த தண்ணீரையும் தினையையும் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். மருந்தடித்த தோட்டத்துக் கீரையையும் குச்சியையும் கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைப் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் நோய் தொற்றுவது அந்தத் தூசி வழியாகத்தான். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு அள்ளுங்கள். இழுத்து எடுக்கும் தட்டு அடியில் இருந்தால் வேலை சுலபம்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோழி வளர்ப்புக்கும் ஆடு வளர்ப்புக்கும் பயிற்சி நடக்கிறது. தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையமும் அந்தப் பயிற்சிகளோடு கூண்டுப் பறவைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்கலாம். ஒரு மாதிரிக் கூண்டைச் செய்து காட்டினால், ஊர்த் தச்சரும் வெல்டிங் பட்டறைக்காரரும் பார்த்துச் செய்துவிடுவார்கள். குஞ்சு பொரித்து விற்று வீட்டுச் செலவுக்குச் சிறு வருமானம் பார்க்க நினைக்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி.

கூண்டு கட்டி முடித்ததும் உடனே பறவை வாங்க ஓடாதீர்கள். ஒரு வாரம் காலியாகவே அந்த இடத்தில் வையுங்கள். மதிய வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இரவில் பூனை சுற்றுகிறதா, எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு, அதன் பிறகு சந்தைக்குப் போங்கள்.