சீனர் கெண்டையும் நம் தீர்ப்பும்

உணவைப் பற்றி எழுதுவது கல்லூரி இதழின் மாண்பிற்கு ஒவ்வாது என்று எண்ணுவாரும் உளர். யான் அங்ஙனம் எண்ணுகிலேன். ஒரு மக்களை அறிதற்கு அவர்தம் நூல்கள் எத்துணை உதவுமோ, அத்துணை அவர்தம் அடுக்களையும் உதவும். ஆயின் மூலத்தைக் காணாது பிழைபட்ட படியொன்றைக் கண்டு தீர்ப்புக் கூறுதல் நூலிலும் தகாது, உணவிலும் தகாது. சீனர்தம் இனிப்புப் புளிப்பு மீனுக்கு நம்மிடையே நேர்ந்துள்ள இகழ்ச்சி இத்தகையதே.

நம் நகரத்து உணவுச்சாலைகள் பலவற்றில் அப்பெயரால் இடப்படுவது யாது? செந்நிறப் பாகில் ஊறி நைந்த மீன்துண்டமே. அதனை உண்டோர், ‘மீனுக்குச் சர்க்கரையா!’ என நகைத்து, சீனர்க்குச் சுவையறிவே இல்லையென முடிவு கட்டிவிடுகின்றனர்.

உண்மை வேறு. சீனத்தின் ஷாண்டோங் மாகாணத்துத் தலைநகர் ஜினான். அதன் வடபால் மஞ்சளாறு ஓடுகின்றது. அவ்வாற்றுக் கெண்டையால் ஆக்கப்படும் இவ்வுணவு அந்நகரின் பெரும்புகழ்களுள் ஒன்று. சமைப்போன் மீனின் இருமருங்கும் எலும்பை எட்டுமளவும் சாய்வாகக் கீறி, உப்பிட்டு, மாச்சத்துக் கரைசலைப் பூசுகின்றான். பின்னர் வாலைப் பற்றித் தூக்கிக் காய்ந்த எண்ணெயில் இறக்க, கீறல்கள் இதழ்கள்போல் விரிகின்றன. முழுமீனையும் வளைத்துப் பொரித்தெடுத்தபின், தலையும் வாலும் நிமிர்ந்து, துள்ளும் மீனாகவே அது தட்டில் ஏறுகின்றது.

இவ்வடிவத்துடன் ஒரு பழங்கதை இணைத்துக் கூறப்படும். ஆற்றின் எதிரோட்டத்தில் நீந்தி ‘வலுசர்ப்ப வாயில்’ என்னும் இடத்தைத் தாவிக் கடக்கும் கெண்டை வலுசர்ப்பமாகவே மாறிவிடுமாம். அரசாங்கத் தேர்வில் வென்ற மாணாக்கனைச் சீனர் அக்கெண்டைக்கு ஒப்பிட்டனர். ஏறத்தாழ 1300 ஆண்டுகள் வழங்கிய அத்தேர்வுமுறை 1905-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. துள்ளும் கெண்டையோ இன்றும் விருந்தில் வீற்றிருக்கின்றது. தேர்வென்ற அளவிலேயே நெஞ்சு துடிக்கும் நமக்கு இக்கெண்டை அயலாகுமோ?

நிற்க. இதன் ஆக்கத்தில் அமைந்த அறிவையும் நோக்குவோம். எண்ணெய் ஏறத்தாழ 180 பாகை சென்டிகிரேடு சூட்டில் இருத்தல் வேண்டும். அச்சூட்டில் மேற்பூச்சின் நீர் ஆவியாகி வெளியேற, மேற்புறம் உலர்ந்து முறுகுகின்றது. உள்ளே ஊன் மென்மையாக வேகின்றது. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவற்றை வதக்கி, சர்க்கரையும் காடியும் சோயாச் சாறும் கூட்டி, மாச்சத்துக் கரைத்தூற்றிக் குழம்பைத் திரட்டுகின்றனர். திரண்ட குழம்பு மேலே பற்றி நிற்கும். நீர்த்த குழம்போ விரைவில் உட்புகுந்து முறுகலை அழிக்கும். இரண்டும் சூடாயிருக்கும்போதே வார்த்து, அப்பொழுதே உண்ணல் வேண்டும். பேசிக்கொண்டு காலந்தாழ்த்துவோன் சமைத்தவனுக்குத் தீங்கிழைத்தவனாவான்.

காடியும் வீண் அணி அன்று. மீன்நாற்றத்திற்குக் காரணமாகிய அமீன் என்னும் பொருள்களைப் புளிப்பு பிணித்து, அவை ஆவியாகி மூக்கை எட்டாதவாறு தடுக்கின்றது. நம் அன்னையர் மீன்குழம்பிற்குப் புளி கரைப்பதும் இப்பயனைத் தருவதே. சர்க்கரையின் தொழில் காடியின் கூர்மையைத் தணித்தல். ஒன்றையொன்று அடக்கி, எதுவும் மேலோங்காது நிற்பதே இக்குழம்பின் நெறி. சர்க்கரை மிகுந்தால் அது பாகு; காடி மிகுந்தால் ஊறுகாய்.

இனி, செந்நிறத்தின் செய்தி. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே பிற கண்டங்கட்குப் பரவியது. ஆதலின் அதனை இவ்வுணவின் உயிரெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும் சூச்சோ நகரத்தில், ஊனைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பொரித்து ஆக்கும் ‘அணில்மீன்’ என்னும் சிறப்புணவில் இன்று தக்காளி சேர்ப்பாரும் உளர். அதனால் அது இழிந்துவிடவில்லை. குற்றம் தக்காளியின்மேல் அன்று, அளவறியாக் கையின்மேலதே.

‘நாடு கடந்த உணவு மாறுதல் இயல்பன்றோ?’ என ஒருவர் வினவலாம். இயல்பே. மாற்றத்தை யான் பழிக்கிலேன். மாறியதைக் கொண்டு மூலத்தை இகழ்வதையும், மூலத்தின்மேல் ஏற்றிய இகழ்ச்சியை ஒரு பெருமக்கள்மேல் ஏற்றுவதையுமே மறுக்கின்றேன். சீனர் சுவையை ஐந்தென வகுத்தனர். நாம் துவர்ப்பையும் கூட்டி ஆறென்றோம். சுவையை எண்ணி வகுத்த இரு மக்களுள் ஒருவர் மற்றவரைச் சுவையறியார் என்பது நகைப்பிற்கிடமன்றோ? நமது புளிக்குழம்பைப் புளியின்றி ஆக்கியுண்ட அயலான் ஒருவன் தமிழர் நாவையே பழிப்பானாயின் நாம் பொறுப்போமா? நமக்கு வேண்டும் நடுநிலையைப் பிறர்க்கும் வழங்குவோமாக. தீர்ப்பிற்கு முன் விசாரணை வேண்டும் என்பது நீதிமன்றத்திற்கு மட்டுமன்றி, உணவு மேசைக்கும் உரிய விதியாம்.