உறைமேல் முகவரி

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் முறையீட்டுக் கடிதம் ஒரு நிரந்தரமான வினா. உணவு விடுதி ஒன்றில் பரிமாறப்பட்ட பண்டம் தரம் குன்றியும் விலை மிகுந்தும் இருந்ததாகப் பாவித்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தக்க சான்றுகளோடு எழுதுமாறு பணிக்கும் வினா அவ்வகையில் பிரசித்தமானது. மாணவர்களும் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்னும் சம்பிரதாயங்களில் ஒன்றும் வழுவாமல் எழுதி, உண்ணாத உணவுக்கு வாங்காத ரசீதின் நகலை ‘இணைப்பு’ என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்து, கடைசியில் ஒரு கட்டம் வரைந்து அதனுள் உறைமேல் முகவரியையும் குறித்துவிட்டு, உரிய மதிப்பெண்ணைப் பெற்றுச் செல்கிறார்கள். அஞ்சல் தலை ஒட்ட வேண்டிய மூலையில் ஒரு சிறு சதுரத்தையும் வரைந்துவிடும் சிரத்தையுள்ள பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பயிற்சி அறவே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, வாசலில் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்துவிட்டு, தம் துயரம் எந்த வாசகத்தில் காகிதத்தில் ஏறுகிறது என்றுகூட அறியாமல் நிற்கும் முதியவர்களைக் கண்டவர்கள், முகவரியும் பொருளும் முறையாக எழுதத் தெரிவதே ஒரு பெரிய சுதந்திரம் என்பதை ஒப்புக்கொள்வார்கள். என் ஆட்சேபம் அக்கடிதத்தின் வடிவத்தைப் பற்றியதன்று. அதன் சுபாவத்தைப் பற்றியது. ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வதோடு அது நின்றுவிடுகிறது. ஏன் செய்ய வேண்டும், செய்யாதிருப்பதற்கு அந்த அதிகாரியிடம் என்ன நியாயம் இருக்கக்கூடும், செய்வதானால் பணம் எங்கிருந்து வரும், அதனால் வேறு எவருக்கு எது குறையும் என்பவற்றைப் பற்றி ஒரு வாக்கியமும் அதில் வேண்டப்படுவதில்லை. என் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்பது மனு. ஊரிலுள்ள தெருக்களில் எதற்கு முதலில் விளக்கு, எந்த விதியின்படி என்பது கொள்கை. 1989-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் 18 வயது நிரம்பியவர்க்கெல்லாம் வாக்குரிமை இருக்கிறது. இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் மூன்றாண்டுக்குள் சர்க்காரை ஆக்கவும் அகற்றவும் உரிமை பெறப்போகிறவர்கள். அவர்களுக்கு மனு எழுத மட்டும் கற்பித்துவிட்டுக் கொள்கையைப் பற்றி எழுதக் கற்பிக்காமல் விடுவது விசித்திரமான கல்வி என்றே எனக்குப் படுகிறது.

இதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது; அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கென்று ஏற்பட்டது. இதை உயர்நிலை வகுப்புகளுக்கும் விரிக்க வேண்டும் என்று ஒரு மாணவி எழுத விரும்புகிறாள் என்று கொள்வோம். பசி பொல்லாதது என்று தொடங்கி, அன்னதானத்தின் மகிமையை மூன்று பத்திகளில் வருணித்து, ஆகவே தயைகூர்ந்து என்று முடிப்பதே நம் வழக்கமான கட்டுரைப் பாங்கு. அதைத் தடுத்து நிறுத்தி, அவளை முதலில் தன் வகுப்பிலேயே எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்: காலையில் உண்ணாமல் வருகிறவர்கள் எத்தனை பேர், எதனால்? வீட்டில் இல்லாமையாலா, ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதாலா, தாய் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவதாலா? காரணம் வேறுபட்டால் பரிகாரமும் வேறுபடும். பேருந்து நேரம்தான் காரணமென்று தெரியவந்தால், அவள் எழுத வேண்டியது உப்புமாவையும் பொங்கலையும் பற்றியன்று, போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையைப் பற்றி.

அடுத்தது, யாருக்கு எழுதுவது என்ற கேள்வி. பள்ளியில் நடப்பதாகையால் கல்வி அமைச்சருக்கு என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இத்திட்டத்திற்கான அரசாணை பிறந்தது சமூக நலத் துறையிலிருந்து. நம் ஜனங்களின் கடிதங்களில் பெரும்பகுதி இப்படி இலக்குத் தவறியே போகிறது. பள்ளி வாசலில் குண்டும் குழியுமாய்க் கிடக்கும் சாலை ஊராட்சியுடையதாகவோ, ஊராட்சி ஒன்றியத்தினுடையதாகவோ, நெடுஞ்சாலைத் துறையினுடையதாகவோ இருக்கலாம். மூவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி நிதி. ரயில்வே கேட்டைப் பற்றியதென்றால் மத்திய சர்க்காரிடம் போக வேண்டும், அங்கும் தமிழிலேயே எழுதலாம்: குறையீட்டு விண்ணப்பத்தை நாட்டில் வழங்கும் மொழிகளுள் எதிலும் கொடுக்க ஒவ்வொரு நபருக்கும் உரிமை உண்டென்று அரசியல் சாசனத்தின் 350-ஆம் விதி சொல்கிறது. அந்த விதியில் வயது வரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை என்பதைக் குடிமையியல் ஆசிரியர்கள் ஒரு முறையேனும் உரக்கச் சொல்லலாம். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்து கண்டுபிடிக்கும் மாணவன், பாடப்புத்தகத்தின் மத்திய, மாநிலப் பட்டியல்களை மனப்பாடம் செய்தவனைவிட அதிகம் கற்றவனாவான்.

இதற்கு வேண்டிய தகவல் கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அச்சாகிறது. எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு தொகை, எத்தனை பயனாளிகள் என்ற விவரம் அதில் உண்டு. அலங்காரமற்ற அந்த அரசாங்க நடையைப் படித்துப் பொருள் கொள்வதைவிடச் சிறந்த மொழிப் பயிற்சி வேறு கிடைப்பதரிது.

இனி, வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் நியாயத்தை அதற்குரிய பலத்தோடு தன் கடிதத்திலேயே எடுத்துச் சொல்லி, அதற்கு விடையளிக்காத எவருடைய கடிதமும் அதிகாரியின் மேசையில் நெடுநேரம் நிற்காது. உயர்நிலைப் பள்ளி பல கிராமங்களுக்குப் பொதுவானது. பிள்ளைகள் வந்து சேரும் நேரம் ஒருபடித்தானதன்று. சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் விடியுமுன்பே வர வேண்டும். அந்தப் பணத்தில் கழிப்பறையோ ஆய்வுக்கூடமோ கட்டலாமே என்று கேட்பவர் துஷ்டர் அல்லர், அவர் கேள்வியும் நியாயமான கேள்விதான். இவற்றுக்கெல்லாம் அந்த மாணவி முகம் கொடுத்தாக வேண்டும். அப்போது அவளுக்குச் சரித்திரம் கைகொடுக்கும். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். கிராமப்புறங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் இரண்டிலிருந்து ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கே உரியதாயிருந்து, 1984-ல் பதினைந்து வயது வரை விரிந்தது. சிறு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்வோம் என்று தொடங்கிய சர்க்காரே இரண்டாண்டில் மனம் மாறியிருக்கிறது என்று காட்டுவது, பசியின் கொடுமையைப் பற்றிய பத்து உவமைகளைக் காட்டிலும் பலம் வாய்ந்தது.

உபாத்தியாயர்களின் தயக்கத்தை நான் அறியாமலில்லை. அவர்கள் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். வகுப்பறையில் அரசியல் நுழைந்துவிட்டது என்று ஒரு பெற்றோர் புகார் சொன்னால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களே. ஆகையால் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது முழுவதும் மாணவர் பொறுப்பு என்று முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும். ஒரே வகுப்பில் காலை உணவை விரிக்கச் சொல்லும் கடிதமும், வேண்டாம், ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுங்கள் என்னும் கடிதமும் அருகருகே எழுதப்படுவதைப்போல ஆசிரியரின் நடுநிலைக்குச் சாட்சி வேறில்லை. முப்பது பிள்ளைகளும் ஒரே கருத்தை ஒரே வாசகத்தில் எழுதி ஒரே உறையில் அனுப்புவார்களாயின், அது ஆசிரியரின் கடிதமே தவிர அவர்களுடையதன்று; அதைப் பிரித்துப் பார்க்கும் குமாஸ்தாவுக்கும் அது தெரியும்.

மதிப்பெண் போடுவதும் இதில் எளிதன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த கிரெகரி வாட்சன் என்பவர், 1789-ல் முன்மொழியப்பட்டு நிறைவேறாமல் கிடந்த ஒரு சாசனத் திருத்தம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்நாட்டுக் காங்கிரஸ் சபை உறுப்பினர்கள் தமக்கே விதித்துக்கொள்ளும் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அத்திருத்தம். கட்டுரைக்கு ‘சி’ என்ற தரம் கிடைத்தது. அவர் மனம் தளராமல் மாநிலந்தோறும் சட்டமன்றத்தாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் அங்கீகரித்து, 1992 மே மாதத்தில் அது அந்நாட்டின் இருபத்தேழாவது திருத்தமாகச் சாசனத்தில் ஏறிவிட்டது. பல்கலைக்கழகம் 2017-ல் அந்த ‘சி’யை ‘ஏ’யாகத் திருத்திக் கொடுத்ததாம், திருத்தியவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று சென்னையில் 1852-ல் சுதேசிகளுக்கென ஒரு சங்கம் அமைத்து, பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். வரிச்சுமை, நீதிமன்றங்களின் தாமதம், சாலையும் பாசனமும் கல்வியும் புறக்கணிக்கப்பட்டமை ஆகியவை அதில் முறையே எடுத்துரைக்கப்பட்டன. பெறுநராகக் கவர்னரை வைக்காமல் காமன்ஸ் சபையை வைத்ததும், கம்பெனியின் சாசனம் 1853-ல் புதுப்பிக்கப்படவிருந்த தருணம் பார்த்து எழுதியதும் அவர்களுடைய சாமர்த்தியம். பார்லிமென்டு உறுப்பினர் டான்பி சீமூர் சென்னைக்கே வந்து நேரில் விசாரித்தார். வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுவது 1854-ல் அச்சபையில் விவாதத்துக்கு வந்தது. கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டு, அக்கொடுமை உண்மையே என்று 1855-ல் அறிக்கை கொடுத்தது. முறையீட்டுக் கடிதத்திற்கு மாதிரி வேண்டுமென்றால் உணவு விடுதி ரசீதைக் காட்டிலும் இது மேலான பாடமாயிராதா?

தருணம் என்று சொன்னேன். அதில்தான் நம் பள்ளி நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. வரவுசெலவுத் திட்டம் சட்டமன்றத்தில் வைக்கப்படுவது பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ; அதற்கான மதிப்பீடுகளைத் துறைகள் பல மாதங்களுக்கு முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. நம் மாணவர்கள் கடிதம் எழுதிப் பழகுவதோ பொதுத் தேர்வுக்குரிய திருப்புதலின்போது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஐப்பசி, கார்த்திகையிலேயே இப்பாடத்தை நடத்தி, கடிதத்தை மெய்யாகவே அஞ்சலில் சேர்த்து, ஒரு நகலைத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவிட்டால், மானியக் கோரிக்கையின்மீது பேச எழும் அவர் கையில் அது இருக்கக் கூடும். பதில் வந்தால் வகுப்பில் படித்துக் காட்டலாம். வராவிட்டால், அடுத்த ஆண்டு அத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியானதும், தாங்கள் எழுதிய விஷயம் அதில் ஏதேனும் ஒரு மூலையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பதினோராம் வகுப்பிலிருந்து அவர்களே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.