வாளியில் விழுந்த காசு

பசித்தவனுக்குச் சோறு கொண்டு வந்தவனை நிறுத்தி, "உன் மனம் யாரை நாடுகிறது?" என்று விசாரிப்பதா மனிதப் பண்பு? பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் விசாரிக்கவில்லை. நன்றி மறக்கவும் இல்லை. அந்த வரலாற்றை உழைக்கும் தோழர்களின் முன் வைக்கிறோம்.

1984 மார்ச். இருபது சுரங்கங்களை மூடுவோம் என்றது நிலக்கரி வாரியம். வெகுண்டெழுந்தனர் தொழிலாளர். தாட்சர் அம்மையார் சீறினார். போலீஸ் தடி சுழன்றது. சங்கத்தின் நிதி முடக்கப்பட்டது. அடுப்பிலே பூனை உறங்கிற்று!

அந்த வேளையில் லண்டன் வீதிகளில் வாளி ஏந்தி நின்றது ஒரு சிறு குழு. மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இளைஞர்கள் தொடங்கியது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும் அதிலே இருந்தனர். யார் அவர்கள்? 1967 வரை, ஆணை நேசித்த ஆணைக் குற்றவாளியாக்கிய நாட்டின் பிள்ளைகள்! சட்டம் தளர்ந்தும் ஏளனம் தளரவில்லை. அடிபட்டவனுக்கன்றோ அடியின் வலி தெரியும்! சேர்ந்த பணம் தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்கு மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. தோற்றவன் என்ன கைம்மாறு செய்வான்? செய்தான்! ஜூன் மாதம் லண்டனில் தன்பாலீர்ப்பினர் நடத்திய பேரணியின் முன்வரிசையில், சங்கப் பதாகை தாங்கி நடந்தனர் சுரங்கத் தொழிலாளர். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் சமஉரிமைத் தீர்மானம் நிறைவேறிற்று. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் அதற்குத் துணை நின்றன.

உடனே விடிந்துவிடவில்லை. தன்பாலீர்ப்பை ஊராட்சி மன்றங்கள் ஆதரிக்கக்கூடாது என்று 1988-இல் தடைச் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது ஒழிய 2003 ஆயிற்று. இருவர் மணம் புரியும் உரிமைக்கு 2013-இல்தான் சட்டம் பிறந்தது. அதைக் காண ஆஷ்டன் இல்லை. 1987-இல், 26 வயதிலேயே மறைந்துவிட்டார்.

"முதலில் கூலி, பிறகு இந்த உரிமையெல்லாம்" என்பார் நம்மிலும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: வாளியில் விழுந்த காசு அப்படிக் கணக்குப் பார்த்ததா? வெள்ளையர் 1860-இல் நம் தலையில் கட்டிய 377-ஆம் பிரிவு, மனமொத்த இருவரைக் குற்றவாளி என்று கூறக்கூடாது என 2018 செப்டம்பர் 6-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் விலங்கு அறுந்தது. சங்க அலுவலகத்துத் திண்ணையிலே கேலி அறுந்ததா? பக்கத்து எந்திரத்தில் நிற்கும் தோழன், உண்மையைச் சொல்ல அஞ்சி ஊமையாக நிற்கிறானே, அவன் சந்தா மட்டும் நமக்கு இனிக்குமா?

ஒற்றுமை என்பது கொடுத்துப் பெறுவது. கை நீட்டுவோம், தோழர்களே!