மருந்தை நிறுத்தினால் மூளை பளிச்சிடுமா?

மனநோயை உள்ளது உள்ளபடி காட்டினால் தொடரை யார் பார்ப்பார்கள்? தொலைக்காட்சிக் கதாசிரியர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் வழக்கமாக எடுத்து வீசும் கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல தொடர்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

சிகிச்சையில் என்ன நாடகம் இருக்கிறது என்கிறார்கள். 1999இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'தி சோப்ரானோஸ்'. வீட்டு நீச்சல் குளத்துக்கு வந்து தங்கிய வாத்துகள் பறந்துபோவதைப் பார்த்து மாஃபியா தலைவன் டோனி மயங்கி விழுகிறான். அங்கிருந்து மனநல மருத்துவர் மெல்ஃபியின் அறைக்கு வருகிறான். பேச்சு, சில சமயம் வெறும் மௌனம். துப்பாக்கிச் சண்டைகளைவிட அந்த அறைதான் பலருக்கு நினைவில் நிற்கிறது.

அடுத்த வாதம் இன்னும் தந்திரமானது. நோய்தான் அந்தப் பாத்திரத்துக்கு அபாரத் திறமை தருகிறது, நோயாளிகளுக்கு அது பெருமைதானே என்பார்கள். 'ஹோம்லேண்ட்' தொடரின் கேரி மாத்திசன் சி.ஐ.ஏ. அதிகாரி, அவளுக்கு பைபோலார் நோய். அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், மனநல மருத்துவரான அக்காவே ரகசியமாக மாத்திரை தருகிறாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் மருந்துச் சீட்டை ஒளித்துவைக்கும் நம் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் 2015இல் வந்த ஐந்தாம் பருவத்தில் சறுக்கினார்கள். தன்னைக் கொல்லப் பார்ப்பது யார் என்று கண்டுபிடிக்க கேரி வேண்டுமென்றே மருந்தை நிறுத்துகிறாள். அந்த அத்தியாயத்தின் தலைப்பே 'சூப்பர் பவர்ஸ்'! நிஜத்தில் பைபோலாருக்குத் தரும் லித்தியம் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வருவது அபூர்வ சக்தி அல்ல. நோய் திரும்பும், தூக்கமற்ற இரவுகளும் கைமீறிய செலவும் முறிந்த உறவுகளும் கூடவே வரும்.

அதே தொடரின் முதல் பருவ முடிவில் கேரிக்கு மின் சிகிச்சை நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகுதான். நம் சினிமாவில் 'ஷாக்' என்றாலே கட்டிப்போட்டவர் அலறுவார். மயக்க மருந்தில்லாத மின் சிகிச்சையை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருப்பது அந்த இயக்குநர்களின் காதில் விழவில்லை போலும்.

மனநோயாளி என்றால் கத்தியோடு வருவார் என்பது பழைய புளுகு. பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுகிறவர்களே அதிகம். பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1996இல் ஜோ விக்ஸ் என்ற இளைஞனுக்கு மனச்சிதைவு வருவதைக் காட்டியது. நோயாளிகளுக்காக இயங்கும் அமைப்பிடம் ஆலோசனை கேட்டே எழுதினார்கள். அவனைக் கொலைகாரன் ஆக்காமலே கதை நகர்ந்தது.

கடைசியில் மிஞ்சுவது, "வெறும் கதைதானே!" 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த '13 ரீசன்ஸ் வை', ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையை நேரடியாகக் காட்டியது. மருத்துவர்கள் கண்டித்தார்கள். எழுத்தாளர்களில் ஒருவரான நிக் ஷெஃப், அந்தக் காட்சி தேவைதான் என்று பத்திரிகையில் வாதாடினார். 2019 ஜூலையில், வல்லுநர்களின் பேச்சைக் கேட்டு நெட்ஃபிளிக்ஸ் அதை வெட்டியது. போனது மூன்று நிமிடத்துக்கும் குறைவான படம். இன்று பார்க்கிறவர்களுக்குக் கதையில் ஓர் இடமும் புரியாமல் போவதில்லை.