வீடு பிடிப்பவர் ஒருவர், இருப்பவர்கள் வேறு!

பெங்களூரில் வேலை, மைசூரில் குடும்பம் என்ற வாழ்க்கை இன்று பல தமிழர்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ரெயில் பாதை சுமார் 140 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் மைசூர் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. பாதை இரட்டிப்பாகி, மின்மயமும் ஆகிவிட்டது. 2023 மார்ச்சில் விரைவுச் சாலையும் திறக்கப்பட்டது. பெங்களூர் வாடகையைக் கேட்டு மலைத்துப்போன குமாஸ்தாவும் தொழிலாளியும் மைசூரில் வீடு தேடுவதில் வியப்பில்லை.

அவர்கள் வீடு பிடிக்கும் முறைதான் வியப்பைத் தருகிறது. "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு?" இந்த மூன்று கேள்விகளோடு காரியம் முடிந்துவிடுகிறது. கேட்பவரும் அவரே, முடிவு செய்பவரும் அவரே.

பகலில் இருப்பவர் யார்?

வந்தே பாரத் ரெயில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அதில் சீசன் டிக்கெட் செல்லாது. மற்ற ரெயில்களில் இரண்டரை மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஆகும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினால், வீட்டில் இருப்பது ஒன்பது மணி நேரம். அதிலும் பெரும்பகுதி தூக்கம். மற்ற பதினைந்து மணி நேரமும் அந்த வீட்டோடும் தெருவோடும் மல்லுக்கட்டுபவர்கள் மனைவியும் மக்களும் முதியவர்களும்தான்.

"எலி வளையானாலும் தனி வளை" என்று சொல்லி ஊருக்கு வெளியே மலிவாக மனை வாங்குபவர்களும் உண்டு. தனி வளை வேண்டும் என்பது சரி. பகல் முழுவதும் அந்த வளையில் அடைந்து கிடப்பது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? மும்பையில் மாட்டுங்காவை விட்டு முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போன தமிழர்கள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்தவர்கள்.

தண்ணீரும் காற்றும்

நல்ல குடியிருப்பு எது என்பதை மைசூர் நகரமே கற்றுத் தருகிறது. 1898-ல் மைசூர் சமஸ்தானத்தில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கடியான சந்துகளில் மக்கள் மடிந்தார்கள். அதன் பிறகு 1903-ல் நகர அபிவிருத்திக்கென்று தனி வாரியம் அமைந்தது. அகலமான தெரு, சாக்கடை, பூங்கா என்று திட்டமிட்டுப் புதுப் பேட்டைகள் எழுந்தன. 1988-ல் அதன் பணிகள் நகர வளர்ச்சி ஆணையத்திடம் வந்தன.

சரஸ்வதிபுரம், குவெம்புநகர் போன்ற பகுதிகளில் பள்ளி, பூங்கா, கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. வாடகை கூடுதல்தான். ஆனால் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் உள்ள பல தனியார் லேஅவுட்டுகளில் இன்னும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். வாடகையில் மிச்சம் பிடித்த பணம் லாரிக்கும் ஆட்டோவுக்கும் ஸ்கூல் வேனுக்கும் போய்விடுகிறது. ஒரு அறை குறைந்தாலும் குழாயில் தண்ணீர் வரும் வீடே மேல்.

மனை வாங்குபவர்கள் விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் கூறுபோட்ட 'ரெவின்யூ சைட்' பக்கம் தலைவைக்கக் கூடாது. லேஅவுட்டுக்கு ஆணையத்தின் ஒப்புதல் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பெங்களூர் ரெயில்கள் சில இப்போது அசோகபுரம் வரை செல்கின்றன. குவெம்புநகர், ஜே.பி. நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி. ஆனால் வித்யாரண்யபுரத்தில் நகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்கில் குவிந்து, சுற்றியுள்ளவர்கள் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லி வந்ததும் உண்டு. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் காற்று வீசும் மாலை வேளையிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

அக்கம்பக்கம்

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டதை மூத்தவர்கள் மறக்கவில்லை. அதனால் தமிழர்கள் கூட்டமாக உள்ள தெருவிலேயே வீடு தேட வேண்டும் என்பார்கள். அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பிள்ளைகள் படிக்கப்போவது கர்நாடகத்துப் பள்ளியில். அங்கே கன்னடம் கற்றே ஆக வேண்டும். கன்னடக் குழந்தைகளோடு தெருவில் விளையாடும் பிள்ளைக்கு டியூஷன் தேவைப்படாது. இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது; கணவர் வரும் ரெயிலோ இன்னும் மத்தூரைத் தாண்டவில்லை. அப்போது செலுவாம்பா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு கூடவே வரப்போவது பக்கத்து வீட்டு அக்காதான். 'அக்கா' என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. ஆபத்துக் காலத்தில் துணைக்கு வருவதும் அந்தப் பழக்கம்தான்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களையும் அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அவர்களே நடந்து பார்க்கட்டும். பக்கத்து வீட்டாரோடு நாலு வார்த்தை பேசட்டும். அவர்கள் "சரி" என்றால் மட்டுமே வீடு சரி. வாடகை கொடுப்பவர் அவராக இருக்கலாம், வாழப்போகிறவர்கள் இவர்கள்.