முந்தின நாளே சொல்லுங்கள்: பரிசோதனைக்கு வருவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் லேப்களுக்கும் ஸ்கேன் மையங்களுக்கும் ரத்தம் கொடுக்கவும் படம் எடுக்கவும் வருகிற நோயாளிகளும், அவர்களோடு துணைக்கு வருகிறவர்களுமாகிய நாங்கள், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் மையங்களை நடத்துவோருக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். இயந்திரம் இல்லை என்று நாங்கள் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனை வளாகத்திலேயே மருத்துவப் பணிகள் கழகத்தின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்கள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. ஆனால் எப்படி வர வேண்டும், உள்ளே என்ன நடக்கும் என்று முந்தின நாள் சொல்ல ஆளில்லை. அதனால் போவது எங்கள் ஒரு நாள் கூலி.

முதல் கோரிக்கை, தமிழில் ஒரு சீட்டு. காலை ஏழு மணிக்கு எந்த லேப் வாசலிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: “சாப்பிட்டீங்களா?” “இல்லைங்க, ஒரு டீ மட்டும்தான்.” “அப்போ நாளைக்கு வாங்க.” வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, பால் சர்க்கரை போட்ட டீயும் அதில் அடங்கும், வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுத்திருந்தால் அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி-க்கும் ஹீமோகுளோபினுக்கும் பட்டினி தேவையே இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை அதை என்ன செய்வது என்பதை மருத்துவரே எழுதித்தர வேண்டும். மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம்தான் வரும். வெறும் வயிற்றில் வந்தவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, அல்ட்ராசவுண்ட் எடுக்க வரும் பெண்களைப் பற்றியது. கருப்பையும் சினைப்பையும் தெளிவாகத் தெரிய சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், சரி. ஆனால் எட்டு மணிக்கே “தண்ணி குடிங்க, குடிங்க” என்று பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, மருத்துவர் பத்தரைக்கு வந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் திட்டு வேறு. டோக்கனும் கடைசிக்குப் போகும். மருத்துவர் வரும் நேரம் தெரிந்த பிறகே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அறைக்குப் பக்கத்தில், தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிப்பறை இருக்கட்டும். பெண்களுக்கு ஸ்கேன் எடுக்கும்போது ஒரு பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெறும் நிலையே இருக்கக் கூடாது.

மூன்றாவது, எம்.ஆர்.ஐ. இருபது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம், குழாய் போன்ற இடத்தில் அசையாமல் படுக்க வேண்டும், தடதடவென்று காது அதிரும், கையில் தரும் ரப்பர் பல்பை அழுத்தினால் ஆள் வருவார் என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். உலோகம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பெண்களின் தாலிக்கயிற்றில் இரண்டு மூன்று ஊக்குகள் எப்போதும் தொங்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் தங்கத்தை இழுக்காது, ஊக்கை இழுக்கும். கதவருகே நிறுத்தி “கழட்டுங்கம்மா” என்றால் மாமியார் முகத்தைப் பார்ப்பதா, டெக்னீஷியன் முகத்தைப் பார்ப்பதா? முந்தின நாளே சொன்னால் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவார்கள். மெட்டி, கொலுசு, ஹேர்பின்னுக்கும் இதேதான். பேஸ்மேக்கர், எலும்பில் வைத்த பிளேட், காதுக்குள் பொருத்திய கருவி இருக்கிறதா என்று நோயாளியின் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவர் நோயாளி அல்ல, உறவினருக்குத் துணையாக வந்தவர். எனவே துணைக்கு வருபவர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

நான்காவது, சி.டி. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் ஏறும் கதிர்வீச்சு, ஒரு மார்பு எக்ஸ்-ரேயைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. இதைக் கேட்டுப் பயந்து தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் போன மாதம் எடுத்த படம் பையில் இருக்கும்போது இன்னொன்று எழுதினால் ஏன் என்று சொல்லுங்கள். கர்ப்பமா, நாள் தள்ளியிருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதானால் முன்பே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை பாருங்கள், அலர்ஜி உண்டா என்று விசாரியுங்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி தட்டும், சிறுநீர் போய்விட்டதுபோல இருக்கும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும் என்று தெரியாத மனிதர் மேசையில் படுத்தபடி கதிகலங்கிப் போகிறார்.

ஐந்தாவது, ரிப்போர்ட். தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால் வீடே அன்றிரவு தூங்காது. பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பு அளவு’ என்பது ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேருக்கும் நோய் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒன்றாகச் செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு. சலுகை விலையில் ‘முழு உடல் பரிசோதனை’ விற்கிறவர்கள் இதை விளம்பரத்திலேயே போடட்டும். ரிப்போர்ட்டின் அடியில், அவசரமாக மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, அடுத்த முறை வரும்போது காட்டினால் போதுமா என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமானவை, ஏற்கெனவே எழுத்தில் இருப்பவை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்றும், பரிசோதனைக்கு அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்றும் 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. எந்த லேபில் எடுப்பது என்பது நோயாளியின் விருப்பம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் வெளியான நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. நடைமுறைப்படுத்துங்கள்.

செலவாகும் என்பீர்கள். கருவின் பாலினத்தைச் சொல்ல மாட்டோம் என்ற பலகை ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்குகிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது, மாட்டினீர்கள். எதைச் சொல்ல மாட்டோம் என்பதற்குப் பலகை உண்டு. எதைச் சொல்வோம் என்பதற்கும் பக்கத்திலேயே ஒன்று மாட்டுங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு வரட்டும் என்று காத்திருக்காமல், அடுத்த முறை கவுன்ட்டரில் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்: வெறும் வயிறா, தண்ணீர் குடிக்கலாமா, மாத்திரை போடலாமா, எவ்வளவு நேரம் ஆகும், ரிப்போர்ட் எப்போது? பதில் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.