மாணவரின் கையில் பணம், தோளில் கடன்

1965 நவம்பர் 8ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், தாம் கல்வி கற்ற ரெக்ஸாஸ் மாநிலக் கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வறுமையின் காரணமாக எந்த மாணவருக்கும் கல்லூரிக் கதவு அடைபடலாகாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். அறுபது ஆண்டுகளின் பின்னர், அந்நாட்டின் சமஷ்டி அரசுக்கு மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் செலுத்தவேண்டிய கடன் ஏறத்தாழ 1.6 ரில்லியன் டொலர். கடனாளிகள் நான்கு கோடிக்கு மேல். அங்கு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் நம்மவர் இதன் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

இலங்கையில் அரசு பல்கலைக்கழகங்களுக்கே நிதி வழங்குகிறது. மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. ஆங்கு அரிதானது இடமே. அமெரிக்காவிலோ இடம் உண்டு; பணமே தடை. 1972இல் கல்லூரிகள் தமக்கு நேரடி நிதி கோரியபோது, கொங்கிரஸ் அதனை மாணவர் வழியாகவே வழங்கத் தீர்மானித்தது. அவ்வாறு பிறந்த மானியமே, 1980 முதல் செனற்றர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரால் வழங்கப்படுகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதியில், அரச கல்லூரியொன்றில் கற்பதற்கும் தங்குவதற்குமான செலவில் முக்காற்பங்கிற்கு மேல் இம்மானியத்தின் உச்சத்தொகையால் ஈடுசெய்யப்பட்டது. 2025–26 கல்வியாண்டில் அவ்வுச்சத்தொகை 7,395 டொலர். இது செலவில் மூன்றிலொரு பங்கிற்கே போதாது. இடைவெளியைக் கடன் நிரப்பிற்று. ஏனைய கடன்களைப்போல் இக்கடனை வங்குரோத்தினால் எளிதில் நீக்கிவிடவும் இயலாது; 1976இல் தொடங்கிய கட்டுப்பாடு 1998இல் மேலும் இறுக்கப்பட்டது.

2025 யூலையில் இயற்றப்பட்ட சட்டம், 2026 யூலை 1ஆம் திகதியை நடைமுறைத் திகதியாகக் கொண்டு, புதிதாகக் கடன் பெறுவோருக்கு வரம்பு விதிக்கிறது. பெற்றோர் ஒரு பிள்ளைக்கெனப் பெறத்தக்க கடன் மொத்தம் 65,000 டொலர். மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கு 200,000 டொலர். எல்லையற்ற கடனுக்கு அணையிட்டது நன்றே. ஆயினும் கட்டணம் குறையாதவிடத்து, எஞ்சிய தொகைக்குத் தனியார் வங்கியையே நாடவேண்டும். வங்கியோ பிணையாளரையும் நீண்ட கடன் வரலாற்றையும் கேட்கும். புதிதாய்க் குடியேறிய அகதிக் குடும்பத்திடம் அவை இரண்டும் இரா.

புகலிடம் தேடுவோர் இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டவரும், அரசியல் தஞ்சம் வழங்கப்பட்டவரும், நிரந்தர வதிவிட அட்டை உடையவரும் சமஷ்டி உதவிக்குத் தகுதியுடையோர். தஞ்ச விண்ணப்பம் நிலுவையிலுள்ளவர் தகுதியற்றவர். ஆனால் பெற்றோரின் நிலை பிள்ளையின் உரிமையைப் பறிப்பதில்லை. வழக்கு முடிவடையாத பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை முழுத் தகுதியுடையது. கலிபோர்னியா 2011இலும் நியூயோர்க் 2019இலும் இயற்றிய சட்டங்கள், வதிவிட அனுமதியற்ற மாணவருக்கும் மாநில உதவியைப் பெற வழி திறந்துள்ளன.

கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் மானியமும் கடனும் ஒரே பட்டியலில் இடம்பெறுவதுண்டு. கூட்டுத்தொகையைக் கண்டு மகிழாது, இரண்டையும் பிரித்துக் கணக்கிடுக.

குடும்பத்தின் வருமானத்தை நுணுக்கமாக அளக்கும் இச்சட்டம், விண்ணப்பதாரர் முடிவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளை அளப்பதில்லை. பதினெட்டு வயதில் காத்திருக்கத் தொடங்கும் ஒருவர் இருபத்துமூன்றில் தஞ்சம் பெறுவாராயின், உதவிக்கான உரிமை அன்றுதான் கிட்டுகிறது. இழந்த ஆண்டுகளை எந்த மானியமும் மீட்டுத் தராது. புகலிட வழக்குகளின் தாமதத்தைக் கல்விப் பிரச்சினையாகவும் கொள்ளவேண்டியது இதனாலேயே.